இன்னதென்று அறியாதபோது

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பிற்பகலில், மணிப்பூரின் தலைநகராகிய இம்பாலில், விமான நிலையத்துக்கு மேலே இன்னதென்று விளங்காத ஒரு பொருள் பறப்பதைச் சிலர் கண்டனர். உடனே விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. புறப்பட வேண்டிய பயணிகள் மணிக்கணக்கில் காத்திருந்தனர். நம் விமானப்படை ரஃபேல் போர் விமானங்களை அனுப்பி வானத்தைத் துழாவியது. தேடிச் சென்ற வீரர்களின் கண்ணிலும் கருவியிலும் எதுவும் படவில்லை. போக்குவரத்து மீண்டும் தொடங்கியது.

இச்செய்தி நாளிதழ்களில் வந்தபோது நம்மவர் பேச்சில் மூன்று விடைகள் உடனே பிறந்தன. வேற்றுக் கிரகத்தார் வந்தனர் என்றார் சிலர். அண்டை நாட்டின் உளவுக் கருவி என்றார் சிலர். ஏதோ பலூனாக இருக்கும், இதற்கு இவ்வளவு ஆரவாரமா என்றார் வேறு சிலர். மூவரும் அந்தப் பொருளைக் கண்டவரல்லர். நேரில் தேடச் சென்ற படையோ, பார்த்தவர் சொன்னதைக் கேட்டு விமானங்களை அனுப்பினோம், பிறகு அப்பொருள் தென்படவில்லை என்ற அளவோடு நிறுத்திக் கொண்டது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறநெறி வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானத்திலும் கடலிலும் இத்தகைய பொருள்களைப் போர்வீரர் எதிர்ப்படுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2004ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் பயிற்சியில் இருந்த நிமிட்ஸ் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் விமானி டேவிட் ஃப்ரேவர், கடல் நீர் கொந்தளித்துக் கொண்டிருந்த ஓரிடத்துக்கு மேலே, இறக்கையற்ற, நீள்வட்ட வடிவான வெண்ணிறப் பொருள் ஒன்று அங்குமிங்கும் விரைந்ததைக் கண்டதாகக் கூறினார். இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து அந்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஆராயப்பட்ட 144 நிகழ்ச்சிகளுள் ஒன்றே ஒன்றுதான் உறுதியாக இன்னதென்று விளங்கிற்று. அது காற்று இறங்கிக் கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். மற்றவற்றைக் குறித்துப் போதிய தரவு இல்லை என்று அறிக்கை கூறியது. வானம், கடல், விண்வெளி ஆகிய மூன்றிலும் தோன்றும் இத்தகைய பொருள்களை ஆராய 2022ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் தனி அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. வேற்றுலகத்தாரின் கருவி எதற்கும் சான்று காணப்படவில்லை என்றும், தெளிவு பெற்ற நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை சாதாரணப் பொருள்களை வேறாகக் கருதியதால் நேர்ந்தவை என்றும் அவ்வலுவலகம் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவித்தது.

‘அவை எந்தக் கிரகத்திலிருந்து வந்தன?’ என்பது சுவையான கேள்வியே. ஆயினும் அதனினும் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. கையில் படைக்கலம் ஏந்தியவன், எதிரே வருவது இன்னதென்று அறியாதபோது என்ன செய்ய வேண்டும்? அவனுக்குக் காலம் குறைவு, அச்சம் மிகுதி, அவன் விரல் அசைந்தால் ஓர் உயிர் போகும், அசையாவிட்டாலும் சில வேளைகளில் உயிர் போகும். அறியாமை அறச்சிக்கலாக மாறுவது இவ்விடத்தில்தான்.

நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை முதலில் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் காவல் காத்த நம் படையினர், வானில் ஒளிர்ந்து நகரும் பொருள்களை 329 முறை கண்டதாகப் பதிவு செய்தனர். அவை எல்லை கடந்து வரும் உளவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது. இரு நாடுகளுக்கிடையே மனக்கசப்பு நிறைந்திருந்த காலம் அது. ஒரு சொல் தவறினாலும் பெருந்தீங்கு விளையக்கூடிய இடம் அது. படைத்தலைமை பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரின் உதவியை நாடியது. நம் வாணியம்பாடிக்கு அண்மையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனமே. அறிஞர்கள் அவ்வொளிகள் தோன்றும் நேரத்தையும், விண்மீன்களோடு ஒப்பிட அவை நகரும் விதத்தையும் ஆராய்ந்தனர். மாலையில் தோன்றியது வியாழன், விடியலுக்கு முன் தோன்றியது வெள்ளி என்று கண்டனர். காற்று அடர்த்தி குறைந்த அம்மலை உச்சியில் கோள்கள் மிகுந்த ஒளியுடன் தெரிவது கண்ணை மயக்கிவிட்டது.

இதனைப் படித்து நகைத்தவர்கள் உண்டு. விடிவெள்ளியை உளவு விமானம் என்று எண்ணினார்களே என்று ஏளனம் செய்தார்கள். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. பனியிலும் குளிரிலும் நின்ற அவ்வீரர்கள் தாம் கண்டதை 329 முறை எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததனால்தான் பிறர் ஆராய முடிந்தது. ஆராய்ந்ததனால்தான் உண்மை வெளிப்பட்டது. ஐயத்தைக் குறிப்பேட்டில் எழுதியவர்களால் ஓர் உயிருக்கும் தீங்கு நேரவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நம் தமிழ் மக்களையே தாக்கியது. 2012ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அப்பால், சிறிய மீன்பிடி படகு ஒன்று அமெரிக்கக் கடற்படையின் ராப்பஹானக் என்னும் எரிபொருள் வழங்கும் கப்பலை நெருங்கியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய சிறு படகு ஒன்று கோல் என்னும் போர்க்கப்பலில் மோதி 17 மாலுமிகளைக் கொன்றது முதல், நெருங்கி வரும் சிறு படகு எதுவாயினும் அக்கடற்படைக்கு அச்சந்தான். கப்பலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்றிருந்த இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் மாண்டார், மூவர் காயமுற்றனர். எச்சரிக்கை செய்தோம், படகு விலகவில்லை என்றது கடற்படை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றனர் பிழைத்தவர்கள். இருதரப்புச் சொல்லில் எது சரியாயினும், அப்படகில் இருந்தது வலையும் வயிற்றுப்பாடுமே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பிறர் படையைக் குறை கூறி நிறுத்திக் கொள்வது முறையாகாது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், காஷ்மீர வானில் போர் மூண்டிருந்த காலை வேளையில், பட்காம் அருகே நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் நம் ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த வீரர் அறுவரும், தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் உயிர் துறந்தனர். அது நம் தரப்பின் பெரும் பிழை என்று விமானப்படைத் தளபதி அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நம் பிள்ளைகளையே நம் பிள்ளைகள் பகைவர் என்று எண்ணிய கணம் எவ்வளவு சிறியது! அதன் விளைவு எத்தனை பெரியது!

மனிதர் மட்டுமா இந்த அறியாமைக்குப் பலியாகின்றனர்? தாம்பரத்தில் வாழும் நாம் விடுமுறை நாள்களில் குழந்தைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். 1985ஆம் ஆண்டு அங்கே திறக்கப்படுவதற்கு முன் அப்பூங்கா சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது என்பதை மூத்தோர் அறிவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும், காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்துச் சென்னைக்கே கப்பற்படை வருகிறது என்ற செய்தி பரவிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டு வெளியேறினர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, மலபார்க் காவற்படையினரைக் கொண்டு பூங்காவின் சிங்கம், புலி முதலிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. வருவதாகச் சொல்லப்பட்ட அந்தக் கப்பற்படை சென்னைக்கு வரவேயில்லை. காணாத கப்பலுக்காகக் கண்ணெதிரே கூண்டில் கிடந்த வாயில்லா உயிர்கள் மாண்டன. புலால் உண்ணாத குடும்பங்களில் பிறந்து, எறும்புக்கும் ஒதுங்கி நடக்கப் பழகிய நாம், வண்டலூரில் புலியைக் காட்டும்போது இதனையும் நம் பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எழுவதும் நியாயமே. ‘அம்மையே, நீர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொறுமை பேசுகிறீர். எல்லையில் நிற்பவன் பொறுத்திருந்தால் ஊரே அழியுமே!’ என்று கேட்பார்கள். அதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. போர் தொடங்கிய காலமாயினும் கரையில் விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. பகைக் கப்பல் வரும் என்று எவரும் எண்ணவில்லை. 100க்கும் மேற்பட்ட குண்டுகள் பொழிந்தன. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன் நினைவாக உயர் நீதிமன்ற மதிற்சுவரில் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கமும் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆகவே, வருவது எதுவாயினும் வரட்டும் என்று வாளாவிருப்பதும் அறமாகாது. கரையில் உறங்கிய எளியவரின் உயிரும் உயிர்தானே!

இந்த இக்கட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். இல்லறத்தார்க்கு வகுத்த நெறியில், கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை அறவே விலக்கச் சொன்னார்கள். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்பொருட்டு நேரும் விரோதி ஹிம்சையை வேறு வகையாகப் பிரித்து வைத்தார்கள். எனவே காவல் புரியும் வீரனைச் சமண அறம் புறந்தள்ளுவதில்லை. ஆயினும் உமாஸ்வாமி ஆசாரியார் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையை அதற்கு மூலமாக வைத்தார். துறவியர்க்கு உரைத்த ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈர்யா சமிதி, அடி எடுத்து வைக்குமுன் எதிரே உள்ள நிலத்தைக் கண்ணால் பார்த்து நடக்கச் சொல்கிறது. நடக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. பாராமல் நடக்காதே என்கிறது.

இதனையே படைக்கலம் ஏந்தியவனுக்கும் பொருத்திப் பார்க்கலாம். காக்க வேண்டாம் என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை. பாராமல் சுடாதே, அச்சத்தையே கண்ணாகக் கொள்ளாதே என்பதே வேண்டுகோள். இது அவன் ஒருவனின் கடமையும் அன்று. பகலிலும் இரவிலும் தெளிவாகக் காட்டும் கருவி, நம்மவர் இன்னார் என்று உணர்த்தும் அடையாளக் குறி, கேட்டு விடை பெறும் வழி, தவறு நேர்ந்தால் மறைக்காமல் ஆராயும் முறை ஆகியவற்றை அவனுக்கு அளிப்பது அரசின் கடமை. பட்காமில் உயிர் துறந்தவர்களுக்கும், துபாய்க் கடலில் மாண்ட மீனவருக்கும் நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி இதுவாகத்தான் இருக்க முடியும்.

நம் ஆகமங்கள் அருளிய ஸ்யாத்வாதமும் இங்கே துணை செய்கிறது. ‘ஸ்யாத்’ என்ற சொல்லை ‘ஒருவேளை’ என்று மொழிபெயர்த்துச் சமணரை ஐயவாதிகள் என்று கூறுவோர் இன்றும் உளர். அது தவறு. ‘ஒரு நோக்கில்’ என்பதே அதன் கருத்து. எந்த இடத்தில் நின்று, எந்தக் கருவியால், எவ்வளவு கண்டேன் என்பதை உடன் சேர்த்துச் சொல்லும் நேர்மையே ஸ்யாத்வாதம். ஏழு வகைக் கூற்றுகளுள் ‘அவக்தவ்யம்’, அதாவது சொல்லால் உரைக்க இயலாதது, என்பதற்கும் ஓரிடம் தந்தார்கள். உரைக்க இயலாத நிலை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் தருக்க நெறியில் வளர்ந்தவர்க்கு, ‘இன்னும் விளங்கவில்லை’ என்று சொல்ல நாணம் ஏன்?

அந்த நேர்மைக்கு எடுத்துக்காட்டு வெகு தொலைவில் இல்லை; நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என்.-32 விமானம் ஒன்று 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வங்கக் கடலுக்கு மேலே அது ராடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. அதில் சென்றவர்களின் தாய்மாரும் மனைவியரும் மக்களும் எதை நம்புவது என்று அறியாமல் ஆண்டுகளைக் கழித்தனர். வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கடலடியை ஆராய ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி ஒன்றை இறக்கியது. சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஒரு விமானத்தின் சிதைவுகள் படமாகின. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் இதனை அறிவித்தது.

அந்த அறிவிப்பின் சொற்களை ஊன்றிப் பார்க்க வேண்டும். படங்கள் ஏ.என்.-32 விமானத்தின் அமைப்போடு ஒத்திருக்கின்றன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமற் போனதாகச் செய்தி இல்லை. ஆகவே இவை அந்த விமானத்தின் சிதைவுகளாக இருக்கக்கூடும் என்பதே அதன் சாரம். ஏழரை ஆண்டுகளுக்குப் பின்னும், படம் கையில் இருந்தும், ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை அவர்கள் விடவில்லை. கண்டது எது, அதிலிருந்து கருதியது எது என்று பிரித்துச் சொன்னார்கள். துயருற்ற குடும்பங்களுக்குப் பொய்யான உறுதியையும் அளிக்கவில்லை; உண்மையான ஆறுதலையும் மறுக்கவில்லை. மறைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது இதுவே.

ஆசிரியப் பயிற்சியின்போது அறிவியல் பாடக் குறிப்பு எழுத எங்களுக்குக் கற்பித்த முறை இங்கே நினைவுக்கு வருகிறது. தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒருபுறம் ‘கண்டது’ என்றும், மறுபுறம் ‘கருதியது’ என்றும் எழுத வேண்டும். மெழுகுவத்தி அணைந்தது என்பது கண்டது. காற்றில் உள்ள ஒரு பகுதி தீர்ந்ததால் அணைந்தது என்பது கருதியது. நடுக்கோட்டை அழித்துவிட்டால் பாடம் கெட்டுவிடும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்பு சொல்கிறேன்: குழந்தைகள் அந்தக் கோட்டை எளிதில் கற்றுக் கொள்கிறார்கள், பெரியவர்களாகிய நாம்தான் அதனை விரைவில் அழித்து விடுகிறோம்.

அழித்ததன் விளைவைப் போர்க்களத்தில்தான் காண வேண்டும் என்பதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்பதற்காக நின்றனர். அக்குடும்பத்து முதியவர் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கினார். பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவியிருந்த நேரம் அது. ஊரார் கூடித் தாக்கினர். இனிப்பு வழங்கிய அந்தத் தாய் மாண்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். போளூரும் அதன் சுற்றுவட்டாரமும் நம்மவர்க்கு எவ்வளவு நெருங்கிய மண் என்று சொல்ல வேண்டியதில்லை. திருமலைக்குச் செல்லும் நாமும் அவ்வழியில் யாரிடமேனும் வழி கேட்டு நின்றவர்கள்தாமே! அந்த ஊரார் கண்டது, முன்பின் அறியாத ஒரு மூதாட்டி குழந்தையிடம் இனிப்பை நீட்டியதை. அவர்கள் கருதியது வேறு. நடுவில் கோடு இல்லை. ராடாரும் ஏவுகணையும் இல்லாமலேயே, ஒரு பெயர் உயிரைப் பறித்துவிட்டது.

ஆகவே, வானத்தில் தெரியும் விளக்கத்தகாத ஒளியும், கடலில் நெருங்கும் பெயர் தெரியாத படகும், நம் தெருமுனையில் நிற்கும் முன்பின் அறியாத மனிதரும் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எனக்குப் பெயரிடுமுன் என்னைப் பார்த்தாயா என்பதே அக்கேள்வி. கொல்லாமையைக் கையின் நோன்பாக மட்டுமே நாம் கருதி வந்திருக்கிறோம். கைக்கு முன்னே நாக்கும், நாக்குக்கு முன்னே கண்ணும் அந்நோன்பை ஏற்க வேண்டும். கண் தவறினால் நாக்கு தவறான பெயரைச் சொல்லும். நாக்கு சொன்ன பெயரைக் கை நம்பிவிடும்.

கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், அதை மற்றவர்க்கு அனுப்புமுன் இதில் கண்டது எது, கருதியது எது என்று ஒருமுறை கேட்டுக் கொள்வோம். பேரப்பிள்ளைகள் விடை தெரியாத கேள்வியைக் கேட்டால், ‘தெரியவில்லை அப்பா, வா, சேர்ந்து பார்ப்போம்’ என்று கூசாமல் சொல்வோம். வீட்டிலே இவ்வாறு கேட்டு வளர்ந்த பிள்ளை நாளை சீருடை அணிந்து எல்லையில் நிற்கலாம். கப்பலின் தளத்தில் துப்பாக்கிக்குப் பின்னே நிற்கலாம். இருளில் ஏதோ அசையும் அந்தக் கணத்தில், பார்த்தபின் செய்வோம் என்று அவன் உள்ளம் ஒரு நொடி நிற்குமானால், எங்கோ ஒரு மீனவனின் வீட்டில் அன்றிரவும் விளக்கு எரியும்.